வாசலுக்கு வந்த ஞானஸ்நானம்

என் தங்கைக்குப் பல் முளைத்த பிறகும் ஞானஸ்நானம் ஆகவில்லை. எங்கள் லுத்தரன் சபையில் கைக்குழந்தையாக இருக்கும்போதே கொடுத்துவிடுவார்கள். குழந்தைக்காகப் பெற்றோர் விசுவாசத்தை வாய்விட்டு அறிக்கையிட வேண்டும். அப்பாவோ வளைகுடாவில் இருந்தார், லீவு கிடைத்தபாடில்லை. "அவங்க வாயால சொல்லாம என் புள்ள தலையில தண்ணி படக்கூடாது" என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள்.

வழி கண்டுபிடித்தவர் சித்தப்பா. தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தேவாலயத்துக்கு எதிரே பூத் வைத்திருந்த பாயிடம், கையில் தூக்கிக்கொண்டு நடக்கிற கம்பியில்லாத போன் இருந்தது. அறுப்பின் பண்டிகையன்று அப்பா அதில் கூப்பிட வேண்டியது, போனைக் கோயிலுக்குள் கொண்டுபோக வேண்டியது. சித்தப்பா இதைக் கேட்டதும் போதகர் மோவாயைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"ஞானஸ்நானங்கறது வெறும் தண்ணி இல்ல, ஆண்டவரோட வார்த்தை சேர்ந்த தண்ணி. அதுக்கு நாம சொல்ற பதில் போன்ல வந்தா என்ன? வரட்டும்."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கிறிஸ்துமஸ் பவனியில் அப்பா பாடினால் வாய்க்காலுக்கு அக்கரையில் நாய் குரைக்கும். எங்கப்பாவுக்கு மைக்கே வேண்டாம், பாருங்கள் என்று ஞாயிறு பள்ளி முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டேன்.

பண்டிகையன்று கோயில் வாசலில் நெல்மூட்டை, வாழைத்தார், கால் கட்டிய சேவல் என்று காணிக்கைகள் குவிந்து கிடந்தன. பூத்தில் போன் மணி அடித்ததும் பாயே போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். வாசற்படியைத் தாண்டியதும் குரல் அறுந்தது. வெளியே வந்தால் "ஹலோ, ஹலோ" என்றது. சித்தப்பா அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் நடந்ததில் சபையே சிரித்தது. கடைசியில் போதகர், ஞானஸ்நானப் பாத்திரத்தை வாசலுக்குத் தூக்கி வரச் சொன்னார்.

வாழைத்தார்களுக்கு நடுவே அம்மா தங்கையை ஏந்தி நின்றாள். பிதாவை விசுவாசிக்கிறீர்களா என்று போதகர் கேட்டார். அம்மா பதில் சொன்னாள். போதகர் காதில் இருந்த போனோடு நானும் என் காதை ஒட்டிக்கொண்டேன்.

"விசுவாசிக்கிறேன்" என்று அப்பா கிசுகிசுத்தார்.

குமாரனைப் பற்றிக் கேட்டபோதும், பரிசுத்த ஆவியைப் பற்றிக் கேட்டபோதும் அதே கிசுகிசுப்புதான். போதகர்தான் ஒவ்வொரு பதிலையும் சபைக்கு உரக்கச் சொன்னார். மூன்றாவது பதில் வந்த கையோடு சேவல் கூவியது. இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மூன்று தரம் மறுதலித்தபோது கூவிய சேவலை அறியாத பிள்ளை ஞாயிறு பள்ளியில் உண்டா? எல்லோரும் குலுங்கிச் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பாய், அப்பா இருந்த அதே நாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர். என் தலையில் கை வைத்து, "அழுவாதம்மா. சத்தத்த நாம இங்க போடுவோம்" என்றார். தண்ணீர் பட்டதும் தங்கை வீறிட்டாள். சபை கூரை அதிர ஆமென் சொன்னது. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சமாளித்தேன்.

அந்த நாட்டில் ஒரு கோயிலும் கிடையாது. அந்த வார்த்தை நாலு பேர் காதில் விழுந்தால் வேலை போய்விடும். அன்று போனுக்காக அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நீண்ட வரிசை நின்றிருக்கிறது. அப்படியும் மூன்று தரம் சொன்னார். இதெல்லாம் தெரியாமல், அடுத்த தடவை பேசும்போது, "தொண்டைக்குச் சுக்குக் கஷாயம் குடிங்கப்பா" என்றேன்.

அதற்கு மட்டும் அப்பா, அங்கே நின்ற வரிசை முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்.