என் வெற்றியையும் எடுத்துக்கொண்டவர்

"டேலைட் சேவிங் முடிந்த ஞாயிறு. டூங்கபி பூங்கா. 21-20. வென்றோம்." போன ஏப்ரலில், கோடைக்காக முன்தள்ளிய கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே திருப்பிய அன்று, கைப்பேசியில் நான் எழுதிவைத்த குறிப்பு இது. கூடைப்பந்து ஆடும் ஒவ்வொரு ஞாயிறும் இப்படிக் குறிப்பது என் பழக்கம். அன்று நாங்கள் வென்ற அணியோடு ஆடிய முந்தைய ஞாயிறுகளின் குறிப்புகள் எல்லாவற்றிலும் 'தோற்றோம்' என்றே இருக்கும். காரணம் அந்த அணியின் ஒரே ஆள்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பஸ் ஓட்டுநர். பூங்காவில் எல்லோருக்கும் 'அண்ணை'. இளவயதில் தொழில்முறை அணி ஒன்றின் தேர்வுக்குக் கூப்பிட்டார்களாம், கடைசிச் சுற்றில் கழித்துவிட்டார்களாம். எந்த வருடம் என்று விசாரித்தேன். ஆளுக்கொரு வருடம் சொன்னார்கள். அவரிடமே கேட்டால், "அதை விடுங்கோ தம்பி, பந்தை எறியுங்கோ" என்பார்.

நான் கோவையில் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவன். சான்றிதழ் இருக்கிறது, தேதியோடு. குடியேறி வந்த இந்த நாட்டில் அதை ஒருவரும் கேட்டதில்லை. அவர் வளையத்துக்கு முதுகைக் காட்டியபடி பந்தைப் போட்டால் மட்டும் பக்கத்துக் கிரிக்கெட் ஆட்டமே நின்றுவிடும். வயிறு எரியும். என் முழங்கால் முழுதாக மக்கர் செய்வதற்குள் ஒரு தடவையாவது அவரை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

அன்று இருபதுக்கு இருபது. அடுத்த கூடை போடும் அணிக்கு வெற்றி. நான் எம்பினேன், அவரும் எம்பினார். நான் எறிந்த பந்து வளையத்தைக்கூடத் தொடாமல் அவருடைய ஆளின் கைக்குப் போனது. போச்சு என்று நினைத்தபோது அண்ணை கையைத் தூக்கினார். எங்களுக்கு நடுவர் கிடையாது. ஃபவுல் செய்தவரே சொல்லிவிட வேண்டும்.

"தம்பியின்ர கையில பட்டுட்டுது. பந்து உங்கட."

"அண்ணை, உங்களுக்கென்ன விசரே? நான் பாத்துக்கொண்டுதானே நிண்டனான், படவே இல்லை!" என்று கத்தினார் அவருடைய ஆள்.

"பட்டது எனக்கெல்லோ தெரியும்."

மறுபடி எறிந்தேன். விழுந்தது. திரும்பிப் பார்த்தால் எல்லோரும் அவரைச் சுற்றி நிற்கிறார்கள்.

"மனுஷன்னா இவர்தான்யா," என்றான் என் அணி நண்பன்.

"ஜெயிச்சது நான்டா."

"ஆமா ஆமா, நீயும் நல்லா ஆடின."

கிடைத்த ஒரே வெற்றியும் பூங்காவில் அவருடைய கதையாகத்தான் உலவுகிறது. முன்பு அவர் ஆட்டத்தைப் பார்த்துப் பொறாமை. இப்போது அந்தக் கையைத் தூக்கியதைப் பார்த்து. என் கையில் எதுவும் பட்டதாக எனக்கு நினைவில்லை. உண்மையில் பட்டதா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை; குறிப்பில் 'வென்றோம்' என்பதற்குப் பக்கத்தில் பிறகு ஒரு கேள்விக்குறி சேர்த்தேன், அதை அழிக்க இன்னும் கை வரவில்லை.