என் மகளுக்காகக் கேட்ட எஸ்தர்

போன யூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஒருவருக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. என் மகள் ஜெனிற்றாவோடு ஆப்பிரிக்காவில் உள்ள மலாவிக்குப் போயிருந்த மாணவன் ஒருவன் பேசினான். கொதிக்க வைக்காத தண்ணீரை ஒரு தடவை குடித்துவிட்டாளாம். டைபாய்ட் காய்ச்சல், நினைவு தவறிவிட்டது, கிளினிக்கில் இருக்கிறாள் என்றான். மேலே கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

சகோதர சகோதரிகளே, அவள் எனக்கு ஒரே பிள்ளை. அவளுடைய அப்பா இறந்த பிறகு, லண்டனில் கோலியர்ஸ் வுட்டில் ஒரே அறையில் இருந்துகொண்டு, விடியற்காலையில் கிளீனிங், மதியம் இந்த ஷிப்ட் என்று ஓடித்தான் அவளை எஞ்சினியரிங் படிக்க வைத்தேன். கோடை விடுமுறையில் வகுப்பு மாணவர்களோடு ஒரு கிராமத்துக்குக் குழாய்க்கிணறு அடித்துக் கொடுக்கப் போவதாக அவள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே சனங்கள் குடிக்கிற ஆற்றில்தான் மாடுகளும் இறங்கும் என்றாள். "உலகத்தில உள்ள தண்ணியெல்லாம் நீதான் துப்புரவாக்கோணுமோ?" என்று சண்டை பிடித்தேன். வழியனுப்பவும் போகவில்லை. ஷிப்ட் இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

அந்த ஃபோனுக்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. அங்கே சிக்னல் சரியில்லை. லீவு கேட்டால் வேலை போய்விடும் என்ற பயத்தில் வேலைக்கும் போனேன். கட்டில் விரிப்பேன், ஃபோனைப் பார்ப்பேன். கோப்பை கழுவுவேன், ஃபோனைப் பார்ப்பேன். வியாழக்கிழமை இரண்டு வேலையும் முடித்துவிட்டுக் கோயிலுக்குப் போய் முழங்காலில் இருந்தேன். செபம் வரவில்லை. "ஆண்டவரே, அந்த ஊருக்குத் தண்ணி வந்தால் என்ன, வராட்டில் என்ன, என்ர பிள்ளையைத் தாரும்" என்று மட்டும் சொன்னேன். உள்ளதைச் சொல்கிறேன், அதற்கு மேல் எனக்கு ஏலவில்லை. அவ்வளவு களைப்பு. முன்னாலிருந்த வாங்குப் பலகையில் தலையைச் சாய்த்தபடி தூங்கிவிட்டேன். கோயிலைப் பூட்ட வந்தவர்தான் தட்டி எழுப்பினார்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் இருக்கும்போது ஜெனிற்றாவே ஃபோன் எடுத்தாள்.

"அம்மா, நான்தான். காய்ச்சல் விட்டிட்டுது. சரியான வீக்கா இருக்கு, அவ்வளவுதான்."

"உடன வெளிக்கிட்டு வா பிள்ளை."

"கொஞ்சம் கேளுங்கோ அம்மா."

அவள் மயங்கி விழுந்த அன்று அவர்களுடைய வாகனம் பம்ப் எடுக்க டவுனுக்குப் போயிருந்தது. பக்கத்து வீட்டு எஸ்தர் என்ற பெண்தான் அவளைச் சைக்கிள் கரியரில் இருத்தி, கணவர் சைக்கிளைத் தள்ள, தான் அணைத்துப் பிடித்துக்கொண்டு அரை நாள் நடந்து கிளினிக்கில் சேர்த்திருக்கிறாள். அதன்பிறகு என் மகளின் கட்டிலை விட்டு எஸ்தர் அசையவில்லையாம். தன் மொழியில் செபித்தபடியே இருந்தாளாம்.

"அவட சின்ன மகன் போன வருசம் இதே காய்ச்சலிலதான் செத்தவன் அம்மா. இப்ப பக்கத்திலதான் நிக்கிறா. உங்களோட கதைக்கோணுமாம்."

எஸ்தர் கொஞ்சம் கொஞ்சமாக ஆங்கிலத்தில் பேசினாள். எனக்கும் அவ்வளவு ஆங்கிலம்தான், விளங்கியது. "என் மகனுக்காகவும் ஆண்டவரிடம் இப்படித்தான் கேட்டேன், அவன் போய்விட்டான். இந்தத் தாயின் பிள்ளையையாவது விட்டுவையும் என்று கேட்டேன், தந்துவிட்டார்" என்றாள்.

நான் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போனதே தெரியவில்லை. "தாங்க்யூ" என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். எது இல்லாமல் அவளுடைய பிள்ளை செத்ததோ, அந்த நல்ல தண்ணீரைப் பற்றித்தானே, வந்தால் என்ன வராட்டில் என்ன என்று கோயிலில் இருந்து சொன்னேன்.

மகள் ஃபோனை வாங்கினாள். "ரெண்டு மூண்டு கிழமை தாங்கோ அம்மா. இன்னும் பம்ப் பூட்டேல்லை."

"நிண்டு முடிச்சிட்டு வா," என்றேன். "கொதிக்க வைச்சுக் குடி."

தண்ணீர் வந்தது. வீடியோ அனுப்பினாள். முதலில் சேறு, பிறகு தெளிந்த தண்ணீர். எல்லோரும் ஆடினார்கள். எஸ்தர் ஆடவில்லை. கொட்டுகிற தண்ணீருக்குள் கையை நீட்டியபடி நின்றாள்.

என் மகளைத் தந்த ஆண்டவர் அவளுடைய மகனை ஏன் தரவில்லை என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. நன்றி சொல்லும்போதெல்லாம் அந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. அவரிடமே கேட்கிறேன். என் வேலை குறையவில்லை, களைப்பும் குறையவில்லை. ஆனால் விடிய பஸ்ஸுக்கு நிற்கும்போது இப்போது எஸ்தர் வீட்டாருக்காகத்தான் முதலில் செபிக்கிறேன். பிறகுதான் என் பிள்ளைக்காக.

உங்களிலும் செபிக்கக்கூட ஏலாமல் களைத்துப்போனவர்கள் இருப்பீர்கள். பயப்படாதீர்கள். அவருடைய பெயரை மட்டும் சொல்லிவிட்டுத் தூங்குங்கள். நீங்கள் ஒருநாளும் கேட்டிராத ஒரு மொழியில், யாரோ ஒருவர் உங்களுக்காக விழித்திருந்து கேட்டுக்கொண்டிருப்பார்.