பால்கனி பெஞ்சின் போல்ட்டுகள்

ஹைதராபாத்தில் கடல் இல்லை. ஆகவே துருவும் இராது. இதை நான் யோசித்துத்தான் முடிவு செய்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். யோசிக்காமல் செய்திருந்தால் மன்னிப்பாவது கிடைத்திருக்கும்.

கச்சிபௌலி ஃப்ளாட்டின் பால்கனிக்காக, தேக்குப் பலகையும் இரும்புச் சட்டமுமாக ஒரு பெஞ்ச் வாங்கினேன். நானே மாட்டுவதாக ஏற்பாடு. மழையில் கிடக்கும் சாமானுக்கு ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுங்கள் என்றார் கடைக்காரர். சென்னையில் உப்புக்காற்று ஜன்னல் கம்பிகளைத் தின்ற கதையை அவருக்குச் சொற்பொழிவாக ஆற்றிவிட்டு, துத்தநாக முலாம் பூசியதை வாங்கினேன். அதுதான் அதிகம் பளபளத்தது.

பிறகு ஞாயிறுதோறும், போர்வெல் தண்ணீரின் வெள்ளைக் கறை போக, பால்கனித் தரையில் ஆசிட் ஊற்றித் தேய்த்தேன். தரை வெளுத்தது. ஆசிட் ஆவி முலாமைத் தின்று முடித்து இரும்பில் வாய்வைத்திருந்ததை நான் குனிந்து பார்க்கவில்லை.

பார்த்தது, பெஞ்ச் உடைந்த பிறகு. உட்கார்ந்தவர் என் மனைவியின் அண்ணன். லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை, கனத்த சரீரம். பெஞ்சின் இடதுகால் போல்ட் வெடிபோலத் தெறித்தது. பெஞ்ச் மடங்கி, சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே அவருடைய மோதிர விரலைக் கவ்விக்கொண்டது. பலகையில் ரத்தம் வழிந்தது.

வலதுகால் போல்ட்டைக் கழற்றினால் விரல் வரும். அதுவோ துருவேறி நட்டோடு ஒன்றாகியிருந்தது. ஸ்பேனர் வழுக்கி என் விரல்முட்டிகளின் தோலை உரித்தது. சுத்தியை எடுத்தேன். ஒவ்வொரு அடியும் சட்டத்தின் வழியாக நேரே அவர் விரலுக்குப் போயிற்று.

"அடிக்காதீங்க மாப்பிள்ளை."

"கொஞ்சம் பொறுங்க மச்சான், அசையுது."

"அசையறது என் விரல்யா. சொன்னா கேளு, நக்கோ, நக்கோ..."

ஹைதராபாத் உருதுவில் 'வேண்டாம்' என்று கத்தியதோடு மரியாதையும் போயிற்று. அடுத்து வயிற்றில் ஓர் உதை விழுந்தது. பூந்தொட்டிகளை உடைத்துக்கொண்டு விழுந்தேன். எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அந்த நட்டையே கொலைவெறியோடு அடித்தேன். அவர் விரல் நீலமாகிக்கொண்டிருந்தது. எனக்கு நட் மட்டும்தான் தெரிந்தது.

மனைவி என் கையிலிருந்து சுத்தியைப் பிடுங்கினாள். "அண்ணா, மூஞ்சியத் திருப்பிக்கோ" என்றாள். போல்ட்டை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. நான் எண்ணெய் பூசி மினுக்கி வைத்திருந்த தேக்குப் பலகையை நடுவில் ஓங்கி ஓங்கி அடித்தாள். சிம்புகள் பறந்தன, ஒன்று என் புருவத்தைக் கிழித்தது. பலகை பிளந்தது. விரல் வெளியே வந்தது, நகம் இல்லாமல்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு விரலைக் காப்பாற்றினார்கள். முழுதாக மடங்காது என்றார்கள்.

ஆசிட் ஊற்றுவதை நிறுத்தினேன். பெஞ்சுக்குப் புதுப் பலகையும், கப்பல் தளத்தில் போடும் ரக ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளும் வாங்கி மாட்டினேன். அடுத்த முறை மச்சான் வந்தபோது அதன் உலோகக் கலவையை விளக்கி, உட்காரச் சொன்னேன். மடங்காத விரலால் பெஞ்சை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"நக்கோ மாப்பிள்ளை, நான் தரையிலயே உக்காந்துக்கறேன். தரையில நீங்க எந்தப் போல்ட்டையும் முடுக்கலயே?"