கொள்ளை என்ற சொல்லின் பொருள்

களவெடுத்தது என்று தெரிந்தேதான் அந்தப் படகு எஞ்சினை மகனுக்காக மலிவாக வாங்கினேன்.

அதன் சொந்தக்காரர் உச்சமுனைத் தீவிலிருந்து தேடி வந்தார். மெலிந்த மனிதர், தோளில் எஞ்சின் சுமந்த தழும்பு. அதை முடுக்கும் கயிறு மட்டுமே அவரிடம் மிஞ்சியிருந்தது. பேசும்போதெல்லாம் அதை விரல்களில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசமாக் கடலுக்குப் போகல்ல. சேர் தமிழ் படிப்பிச்சவராமே, களவுச் சாமானக் கொள்ளை எண்டு ஏன் சொல்ற?"

"கொள் எண்ட சொல்லுல இருந்து வந்தது. எடுத்துக்கொள்றது."

"காசு குடுத்து வாங்குறதக் கொள்வனவு எண்டு எழுதுறாங்களே, அது?"

"அதுவும் அதிலயிருந்துதான்."

"அப்ப ரெண்டும் ஒரு வாப்பாட புள்ளைகள்."

மறுநாள் எஞ்சினை நானே சுமந்துபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். தோளில் வாங்கிக்கொண்டார். இன்றும் என்னைக் கரையில் கண்டால் படகில் நின்றபடி எல்லாருக்கும் முன்னால் கேட்பார்: "சேர், கொள்ளை எண்டா என்ன?"

நான் முழுவதும் சொல்லி முடித்த பிறகுதான் கயிற்றை இழுப்பார்.