பின்னால் நின்றவரின் ஹாரன்

பதினைந்து வயதான என் காரை எஃப்.சி. தகுதிச் சான்று வாங்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோனேன். தேறாவிட்டால் காயலான் கடைதான் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு பால் வேன். அதை ஓட்டி வந்தவருக்கு நரைத்த மீசை, காதில் பாதி பீடி, கை மட்டும் எப்போதும் ஹாரன் மேல். வரிசை நகர்ந்தால் அடிப்பார். நகராவிட்டாலும் அடிப்பார். காக்கா பறந்தால் அதற்கும் ஒன்று.

பொறுக்காமல் இறங்கிப் போய்க் கத்தினேன். "இன்னாத்துக்குயா சும்மா அடிச்சிக்கினே கீற?"

"உன் வண்டி சத்தமே காணோமே சார். உயிர் கீதான்னு பார்த்தேன்" என்றார்.

என் காரைப் பார்த்தா அப்படிக் கேட்பது! முந்தின நாள்தான் திருப்புலிவனத்தில் எங்கள் பம்புசெட்டில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, இண்டு இடுக்கு விடாமல் நானே ஓஸ் பைப்பால் குளிப்பாட்டியிருந்தேன். மெக்கானிக் எதற்கு என்று பீற்றியும் இருந்தேன்.

என் முறை வந்தது. விளக்கு எரிந்தது, பிரேக் பிடித்தது. "ஹாரன்" என்றார் ஆபீசர். அமுக்கினேன். குளித்த ஹாரன் வாயே திறக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். லாரி மாதிரி ஒரு முழக்கம் எழுந்தது, பால் வேனிலிருந்து. ஆபீசர் என் குட்டிக் காரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நன்றி சொல்ல வேனிடம் ஓடினேன். "வண்டிய எடு சார், வழிய மறிச்சிக்கினு நிக்கிற" என்று இன்னொன்று அடித்தார்.

காப்பாற்றினாரா, அவசரப்பட்டாரா என்று இன்றுவரை தெரியவில்லை. திரும்பும்போது ஓரிக்கை தாண்டியதும் என் ஹாரன் காய்ந்து, தானாகவே வாய் திறந்தது. உயிர் கீது என்று சொல்லப் பின்னால் அவர்தான் இல்லை.