விஜயதசமியில் தொலைந்த இன்பாக்ஸ்

எங்கள் வீட்டில் போன் பொதுச்சொத்து. யாருடைய போன் அடித்தாலும் பக்கத்தில் இருப்பவர் எடுப்பார். யாருக்கு யார் என்ன அனுப்பியிருக்கிறார்கள் என்று திறந்து பார்ப்பது எங்கள் குடும்பத்தில் ஒரு தப்பே இல்லை. பூட்டு நம்பர் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் என் மகளோடு எனக்கு இருந்த பேச்சுவார்த்தையெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில், மெயிலில் நடந்தது.

மகள் வேறு சாதியில் ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். போன அன்றைக்கே கணவரின் அண்ணன் காரில் ஆள் அனுப்பினார். தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. அவர்கள் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பி வந்தபோது, "எங்க இருக்கான்னு மட்டும் தெரியட்டும்" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. அதற்குப் பிறகு வீட்டில் அவள் பேரை யாரும் எடுக்கவில்லை. என் கணவரும் எடுக்கவில்லை. அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாத தம்பி அவர். அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நான் சொல்லப்போகும் விஜயதசமிக்குப் பிறகு மகள் கடல் கடந்து போய்விட்டாள். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலில் எங்களுக்கு ஒரு விசைத்தறிக் கூடம். அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. சேலை நெய்து வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்புவோம். நான் பி.காம். படித்தவள் என்பதால் கணக்கும் மெயிலும் என் தலையில் விழுந்தன. நூல் விலை, வரி நோட்டீஸ், கொட்டேஷன் என்று வருகிற மெயில்களை ஆண்கள் சீண்ட மாட்டார்கள். மகள் எழுதுவதை எல்லாம் 'பழைய கொட்டேஷன்' என்று ஒரு போல்டர் போட்டு அதற்குள் தள்ளிவிடுவேன். அப்படி ஒரு பேர் வைத்துவிட்டால் எங்கள் வீட்டு ஆண்கள் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள். கடைசியாக வந்த மெயிலில் அவள் புது வீட்டுக்குக் குடிபோனதைச் சொல்லி, கதவு எண்ணோடு முழு விலாசத்தையும் எழுதியிருந்தாள். நான் கேட்கவில்லை. அவளாக எழுதினாள், பைத்தியக்காரி.

ஆயுத பூஜைக்குத் தறிகளை எல்லாம் நிறுத்தித் துடைத்துச் சந்தனம் வைத்தோம். கம்ப்யூட்டருக்கும் பொட்டும் பூவும் உண்டு. அணைக்கும்போது ஏதோ அப்டேட் கேட்டது. சரி என்று அமுக்கிவிட்டு, சுண்டல் தாளிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் விஜயதசமி. முதல் வேலையை நல்ல நேரத்தில் தொடங்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஒரு வியாபாரிக்கு முதல் மெயில் போகட்டும் என்று கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுபவர், என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். மெயில் புரோகிராமைத் திறந்தேன். வரவேற்பு வாசகம் ஒன்று வந்தது. கீழே இரண்டு பொத்தான்கள்.

"என்னம்மா கேக்கு?" என்றார்.

"புதுசா ஆரம்பிக்கவா, பழசைக் கொண்டுவரவான்னு கேக்கு, அத்தான்."

"நல்ல நாளும் அதுவுமா பழசு எதுக்கு? புதுசையே அமுக்கு."

பழசுதான் வேண்டும் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். அமுக்கினேன்.

திரை துடைத்துவிட்டது போல ஆனது. இன்பாக்ஸ் இல்லை, போல்டர் இல்லை, விலாசப் பட்டியல் இல்லை. புது மெயில் எழுதும் இடத்தில் மகளின் மெயில் முகவரியின் முதல் எழுத்தைத் தட்டிப் பார்த்தேன். எப்போதும் மீதியை அதுவே போட்டுவிடும். இப்போது அந்த ஒற்றை எழுத்து மட்டும் நின்றது. எழுத்தும் எண்ணும் கலந்த முகவரி அது. பயந்துகொண்டு நான் எங்கேயும் குறித்து வைக்கவில்லை. வந்த மெயிலை இறக்கியதும் சர்வரில் அழித்துவிடும்படி எங்கள் கம்ப்யூட்டரை என்றோ அமைத்திருந்தார்கள். ஆகவே இந்தப் பெட்டியில் இல்லையென்றால் வேறு எங்கேயும் இல்லை. அவளுக்கு எழுத இனி வழியே இல்லை. நான் பதில் போடாவிட்டால் அவள் என்ன நினைப்பாள்? போன் பண்ணிவிடுவாள். அந்தப் போனை யார் எடுப்பார்கள்?

"வியாபாரி அனுப்புன டிசைன் எங்கம்மா?" என்றார் அவர்.

"எல்லாம் போயிட்டு, அத்தான்."

அவருக்கு முகம் வெளிறியதைப் பார்க்க, அந்த நிலையிலும் ஒரு சின்னத் திருப்தி எனக்கு. உடனே போனை எடுத்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஒருவரைக் கூப்பிட்டார். "வெளியாளு வேண்டாம். நம்மாளுதான், என் வீட்டுக்காரிக்குச் சொந்தம்" என்றார். அந்த 'நம்மாளு' எதைக் கண்டாலும் முதலில் அவரிடம்தான் சொல்வார். இதுவரை தொலைந்துவிட்டதே என்று பயந்தேன். இனி கிடைத்துவிடுமோ என்றும் பயப்பட வேண்டும். இரண்டில் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் வந்தார். மீசையைத் தடவியபடி கொஞ்ச நேரம் தட்டினார். "பயப்படாதீங்க அண்ணாச்சி. அப்டேட் ஆனதும் அது பக்கத்துலயே புதுசா ஒரு புரொஃபைல் போட்டுக்கிட்டு. பழசு அப்படியே கெடக்கு. அதைத் திறக்கச் சொன்னாப் போதும்" என்றார். எதையோ தேர்ந்தெடுத்து, புரோகிராமை மூடித் திறந்தார்.

எல்லாம் வந்துவிட்டது. இடது பக்கம் போல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. 'பழைய கொட்டேஷன்' என்பதைப் பார்த்ததும் எனக்குப் பெற்ற பிள்ளையையே நேரில் பார்த்த மாதிரி இருந்தது. அத்தானுக்கு வேண்டிய டிசைனும் கிடைத்தது. அத்தோடு விட்டிருக்கலாம்.

"செட்டிங்ஸும் சரியா வந்திருக்கான்னு பாத்துருதேன்" என்றார் கடைக்காரர். பாஸ்வேர்ட் பார்த்தார், மெயிலின் அடியில் தானாக வரும் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு, "பில்டர் ஒண்ணு போட்டிருக்கீங்க" என்றார். "இந்த முகவரியிலேருந்து என்ன மெயில் வந்தாலும் இன்னொரு முகவரிக்கு ஒரு காப்பி போயிரும்." சொல்லிவிட்டு, அந்த முதல் முகவரியை எழுத்தெழுத்தாக, எண் எண்ணாக, சத்தமாக வாசித்தார்.

என் மகளுடைய முகவரி. அந்த பில்டரை நான் போடவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அவள் எழுதியதை எல்லாம் வேறு யாரோ ஒருவர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். கதவு எண் வரைக்கும்.

"அது யாரு முகவரி?" என்றார் கணவரின் அண்ணன்.

வாசல் பக்கமிருந்து என் கணவரின் குரல் வந்தது. "நூல்காரன். தெனம் விலை அனுப்புவான். நாந்தான் என் போனுக்கு வரும்படி போட்டு வச்சேன்." அவர் எப்போது வந்து நின்றார் என்று எனக்குத் தெரியாது. என்னைப் பார்க்காமல் அண்ணனிடம், "நல்ல நேரம் முடியப்போவுது. மொதத் தறிய நீங்கதான் ஓட்டணும். வாங்க" என்றார்.

அண்ணனுக்கு அந்த மரியாதை முக்கியம். அவரோடு தறிக்கூடத்துக்குள் போனார். கடைக்காரரும் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினார். உள்ளே ஒவ்வொரு தறியாக ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவருக்கே காது கேட்காது. கணவர் திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார். எத்தனையோ வருஷம் குடித்தனம் நடத்தியும், அதை யாரிடமெல்லாம் காட்டியிருப்பார் என்று அவர் முகத்திலிருந்து எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எப்பலேருந்து?" என்றேன்.

"அவ மொத மெயில் வந்த அன்னைக்கு நீ காய்ச்சல்ல வீட்ல படுத்திருந்த. நாந்தான் பாத்தேன். படிக்காத மாதிரி திருப்பி வச்சிட்டேன். பில்டர் போடத்தான் வீடியோ பாத்துப் படிச்சேன்."

"அத்தான்கிட்ட..."

"சொல்லியிருந்தா இன்னைக்குப் பிள்ள உசுரோட இருக்குமா, ஏட்டி?"

அழுகை வந்தது. அழ முடியவில்லை, ஏனென்றால் இன்னொரு பயம் முந்திக்கொண்டது. அவர் போனில் எல்லாம் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு அவருடைய அண்ணன் செய்தி பார்க்க எடுக்கிற அதே போனில், கதவு எண்ணோடு. "அழிங்க" என்றேன். "இப்பமே அழிங்க."

அவருக்கு அது தோன்றியே இருக்கவில்லை. முகம் செத்துப்போனது. அழிக்க விரல் வரவில்லை போல. போனை என்னிடம் நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் முதலில் கம்ப்யூட்டரில் அந்த பில்டரை நீக்கினேன். பிறகு போனில் ஒவ்வொன்றாக அழித்தேன். காலையிலிருந்து எதைத் தொலைத்துவிட்டோம் என்று பதறினேனோ, அதையே என் கையால் அழித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் அவர் திறந்து படித்திருந்தார். சிலவற்றுக்கு நட்சத்திரக் குறி போட்டு வைத்திருந்தார்.

"ஏட்டி" என்றார், திரும்பாமலே. "ஒவ்வொரு மெயில்லயும் கடைசியில, அப்பா எப்படி இருக்காங்கன்னு கேக்கா. அவ எழுதுறதுதான் எனக்கு வரும். நீ எழுதுறது வராது. நீ என்ன பதில் போடுத?"

நான் அந்தக் கேள்விக்கு ஒரு தடவைகூடப் பதில் எழுதியதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் எழுதுவேன். அந்த வரியை மட்டும் தாண்டிப் போய்விடுவேன். இவருக்குப் பயந்துதான்.

"நல்லா இருக்காங்கன்னு போடுவேன்" என்றேன்.

தலையை ஆட்டினார். பிறகு, தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி என் பக்கம் குனிந்து, "எனக்குச் சுகர் வந்திருக்குன்னு மட்டும் எழுதிராத. பிள்ள பயந்துரும்" என்றார்.