திண்டுக்கல்லுக்குத் தோல் சுற்றப் போன கதை

காலை ஐந்து மணிக்கு மதுரையில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து சைக்கிளை நகர்த்தினேன். திண்டுக்கல் முப்பத்தொன்பது மைல். வாசல் வரை வந்த என் மனைவி பார்வதி, "பாத்துப் போங்க" என்று சொல்லவில்லை. "பேசுன பேச்சு ஞாபகம் இருக்குல்ல?" என்றுதான் கேட்டாள்.

பேச்சு இதுதான். விழாமல் போய் மறுநாள் திரும்பினால் சைக்கிள் என்னுடையது. விழுந்தால் அவள் அண்ணன் சுந்தரத்துக்கு. மைத்துனருக்கு அந்தச் சைக்கிள் மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண். அவரைக் குறை சொல்ல முடியாது, சைக்கிள் அப்படி. ஊரைவிட்டுப் போன ரயில்வே அதிகாரி ஒருவரிடம் நான் வாங்கிய ரேஸ் சைக்கிள் அது. ஹேண்டில்பார் கடாக் கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கும். குனிந்து பிடித்துக்கொண்டு மிதித்தால் ஜட்கா என்ன, டவுன் பஸ்ஸே வழிவிட வேண்டியதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் டிரெடில் மிஷின் என் இடது கையைக் கடித்துவிட்டது. அதிலிருந்து கடைசி மூன்று விரல்களும் பாதிதான் மடங்கும். அதற்குப் பிறகு இரண்டு முறை விழுந்தேன். ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த பழைய துணி நாடா நைந்து, வெறும் இரும்பு வேர்வையில் வழுக்கியதுதான் காரணம் என்று நான் சொன்னேன். கைதான் காரணம் என்று பார்வதி சொன்னாள். தோல் நாடா சுற்றினால் வழுக்காது என்று சைக்கிள் கடைக்காரர் சொல்ல, நல்ல தோலுக்குத் திண்டுக்கல்தான் என்று ஊரே சொல்ல, கிளம்பிவிட்டேன். பழைய துண்டு ஒன்றைக் கிழித்து இரும்பில் சுற்றிச் சணலால் கட்டியிருந்தேன். பார்க்கச் சகிக்காது.

ஏழு மணிக்கு வாடிப்பட்டி. ஒரு காப்பி குடித்தேன். பன்னிரண்டு நயா பைசா. கடைக்காரர் இன்னும் இரண்டணா என்றுதான் கேட்டார். எட்டரைக்குக் கொடைரோடு. மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு ஏகக் கூட்டம். அங்கிருந்து வலப்பக்கம் சிறுமலை கூடவே வந்தது. மலைமேல் வெயில் ஏறிவிட்டது; ரோட்டில் புளியமரங்கள் பிடித்து வைத்திருந்த குளிர்ச்சி இன்னும் பாக்கி இருந்தது. இடது கையைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டு, ஒரு மணிக்கு எட்டு மைலுக்கு மேல் போகாமல் மிதித்தேன். பத்தேகாலுக்குத் திண்டுக்கல் வந்துவிட்டேன், விழாமல்.

பேகம்பூர் பக்கம் திரும்பியதுமே தோல் மண்டிகளின் வாடை வந்து கையைப் பிடித்து அழைத்துப் போகிறது. ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் கலந்த வாடை. முதல் பத்து நிமிஷம் வாயால்தான் மூச்சு விட வேண்டும். பிறகு மூக்குக்குப் பழகிவிடும். விசாரித்ததில் காதர் பாய் கடையைக் காட்டினார்கள். ஜட்கா குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் தைப்பவர். என் வயதுதான் இருக்கும், நாற்பதை ஒட்டி. நாலைந்து சேணங்கள் அரைகுறையாகத் தொங்க, வேலை தலைக்கு மேல் கிடந்தது. சைக்கிளைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"குதிரைக்குத் தச்சிருக்கேன், மாட்டுக்குத் தச்சிருக்கேன். சைக்கிளுக்குக் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான் சார்" என்றார்.

மூன்று தோல்களை விரித்தார். மாட்டுத்தோல் தடிமன், வளைவில் மடங்காமல் முறைத்துக்கொண்டு நின்றது. செம்மறித்தோல் பட்டுப் போல இருந்தது; நான் அதில் மயங்கிவிட்டேன்.

"தொட்டுப் பாக்க நல்லாருக்கும். நாலு நாள் வேர்வை பட்டா உரிஞ்சுரும்" என்று அதைச் சுருட்டி எறிந்தார். மூன்றாவது வெள்ளாட்டுத்தோல். ஆவாரம்பட்டையில் ஊறிப் பதமானது, தேன் நிறம். நகத்தால் கீறிக் காட்டினார், தடம் விழவில்லை. அதையே வைத்துக்கொண்டோம். கூலியோடு மூன்றேகால் ரூபாய்.

ஓர் அங்குல அகலத்துக்கு நாடாவாக வெட்டி, இரண்டு ஓரத்தையும் கத்தியால் மெலிதாகச் சீவினார். ஓரம் தடித்திருந்தால் ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று ஏறும்போது மேடு தட்டுமாம். நாடாவைத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு, "எங்க, கைய வச்சுக் காட்டுங்க" என்றார்.

வலது கையை வைத்துக் காட்டினேன். கட்டைவிரலிலிருந்து விரல்நுனி வரை பிடியின் சுற்றளவை ஒரு நூலால் அளந்தார்.

"அடுத்த கை?"

என் இடது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. சைக்கிளைவிட்டு இறங்கினால் அது இருக்குமிடம் அதுதான். மிதிக்கும்போது யாரும் கையைப் பார்ப்பதில்லை. நின்றால் பார்ப்பார்கள், பார்த்தால் கேட்பார்கள், கேட்டால் 'அடப் பாவமே' என்பார்கள். எனக்கு அது ஆகாது.

"அதுவும் இதே மாதிரிதான் பாய்."

"குதிரைக்கே வாய் ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்காது சார். வாயப் பாக்காம நான் கடிவாளம் தச்சதில்ல."

"நான் குதிரை இல்லையே" என்றேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு எனக்கு.

அவர் தோளைக் குலுக்கிவிட்டு வேலையைத் தொடங்கினார். இரும்பில் புளியங்கொட்டைப் பசையைத் தடவி, கொம்பின் அடி நுனியில் ஆரம்பித்து, ஈர நாடாவை இழுத்து இழுத்து மேல்நோக்கிச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடியது. மேலிருந்து கீழே சுற்றினால் கை அழுந்தும்போது ஓரம் சுருண்டுகொள்ளும் என்றார். பிரேக் பிடி வந்த இடத்தில் ஒரு சின்னத் துண்டை அடியில் கொடுத்து, இரும்பு தெரியாமல் மூடினார். மெழுகு பூசிய நூலால் முடிவைக் கட்டினார். இரண்டு பக்கமும் அச்சடித்த மாதிரி ஒன்றுபோல் இருந்தன. நிழலில் மூன்று மணி நேரம் காயட்டும் என்றார். காயக் காயத் தோல் சுருங்கி இரும்பைக் கவ்விக்கொள்ளுமாம்.

மூன்றரை மணி. காய்ந்துவிட்டது. அவசரக்குடுக்கையான நான், தாடிக்கொம்பு வரை ஓட்டிப் பார்த்து, சௌந்தரராஜப் பெருமாளையும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். ஐந்து மைல். வலது கைக்குச் சொர்க்கமாக இருந்தது. இடது கைக்கு வழுக்கல் போய்விட்டது, ஆனால் விரல்களுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு சந்து அப்படியே இருந்தது. பழகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஊருக்கு அரை மைல் இருக்கும்போது தோட்டத்துக்குள்ளிருந்து ஓர் ஆட்டுமந்தை ரோட்டில் ஏறியது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். இடது கை நழுவிவிட்டது. வலது கை முன்பிரேக்கை இறுக்கிவிட்டது. முன்சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது ஒரு வெள்ளாடு என் முகத்தை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பங்காளி ஒருவனின் தோல்தான் சைக்கிளில் சுற்றியிருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. தக்காளிக் கூடையோடு வந்த ஓர் அம்மாள் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார்.

"என்னங்கய்யா, ஆடு ஒதுங்கும்னு நெனச்சீகளாக்கும்? அய்யய்யோ, கை ஒடிஞ்சுபோச்சு போலருக்கே!"

"இல்லம்மா. அது பழசு."

"பழசா? அப்பச் சரி" என்றார். அவ்வளவுதான். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். முழங்கையில் ஒரு சாண் தோல் போயிருந்தது. அதைவிட எரிந்தது வேறு: சைக்கிள் போச்சு. பேச்சுப்படி அது இனி மைத்துனருடையது. பெருமாளைப் பார்க்க முகமில்லாமல் அப்படியே திரும்பினேன்.

காதர் பாய் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். "என்ன சார், அதுக்குள்ள பிஞ்சுருச்சா?"

"தோல்ல ஒண்ணும் கொறையில்ல பாய்" என்று இடது கையைப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் நீட்டினேன்.

பார்த்தார். 'அடப் பாவமே' வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மனுஷருக்கு வந்தது கோபம்.

"இம்புட்டு நேரமும் இதையா பைக்குள்ள வச்சுருந்தீங்க? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிற கதையால்ல இருக்கு! நான் என்னமோ நல்லாச் சுத்திட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். என் வேலையையே கெடுத்துட்டீங்களே சார்! காலைல ஏழு மணிக்கு வாங்க. அந்தக் கையோட வாங்க!"

இரண்டு வருஷத்தில் அந்தக் கைக்காக என்னை யாரும் திட்டியதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒன்றரை ரூபாய்க்கு அறை எடுத்தேன். மூட்டைப்பூச்சிக்குத் தனிக் கட்டணம் இல்லை. முழங்கை எரிச்சலோடு நன்றாகவே தூங்கினேன்.

காலை ஏழு மணி. பாய் இடது பக்க நாடாவை அவிழ்த்தார். என் கையைப் பிடித்து ஹேண்டில்பாரில் வைத்து, மடங்காத ஒவ்வொரு விரலுக்கும் கீழே எவ்வளவு இடைவெளி என்று தன் விரலை விட்டுப் பார்த்தார். பார்வதியைக்கூட நான் தொடவிடாத கை அது. அவர் கடிவாள இரும்பைப் புரட்டுவது போல் அதைப் புரட்டினார். ஈரமான கழிவுத் தோலைச் சுற்றுவார், "பிடிங்க" என்பார், பிடிப்பேன். "தொடுதா?" "சுண்டுவிரல் தொடல." இன்னொரு சுற்று. இப்படிப் பதினோரு முறை. கடைசியில் மூன்று விரலும் தோலில் உட்கார்ந்தன. மேலே தேன் நிற நாடாவைச் சுற்றி முடித்தார். இடது பக்கம் வெள்ளரிக்காய்ப் பருமன், வலது பக்கம் விரல் பருமன். அழகு போய்விட்டது.

"அழகு பாக்கணும்னா செவத்துல மாட்டி வைங்க" என்றார். இரண்டாவது தடவைக்குக் கூலி வாங்க மறுத்தார். தப்பு பாதி அவருடையதாம். கையைப் பார்க்காமல் சுற்றியிருக்கக் கூடாதாம்.

நாடா காய்ந்ததும் பதினொன்றரைக்குக் கிளம்பினேன். ரோடு என்னவோ அதேதான், ஓட்டியவன் வேறு. கொடைரோட்டுக்கு இந்தப் பக்கத்து இறக்கத்தில் ஒரு லாரி குறுக்கே திரும்பியது. இரண்டு பிரேக்கும் ஒன்றாகப் பிடித்தன. சைக்கிள் சாதுவாக நின்றது. நடுரோட்டில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். லாரிக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். வாடிப்பட்டி நெருங்கும்போது சிரிப்பு அடங்கி, துக்கம் வந்துவிட்டது. இப்படி ஒரு பிடியை வைத்துக்கொண்டு, சைக்கிளைக் கொண்டுபோய் அடுத்தவரிடம் கொடுக்கப் போகிறேன். விழவில்லை என்று ஒரு பொய் சொன்னால் என்ன? சட்டைக் கையை இறக்கிவிட்டால் முழங்கை தெரியாது. ஆனால் மறைத்ததில் பட்ட பாடு போதும் என்று தோன்றியது.

மூன்றரைக்கு வீடு. மைத்துனர் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார்.

"விழுந்தீங்களா?" என்றாள் பார்வதி.

"விழுந்தேன். தாடிக்கொம்புக்குப் பக்கத்துல."

அவள் முகத்தில் ஜெயித்த களை இல்லை. "பேச்சுன்னா பேச்சுதானே" என்றாள், தரையைப் பார்த்து. மைத்துனர் ஏறி உட்கார்ந்து தெருக்கோடி வரை போனார். திரும்பும்போது தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்ன மாப்ள இது, ஒலக்கையப் புடிச்சாப்புல இருக்கு! பிரேக்குக்கு வெரல் எட்டல. பரவால்ல, இந்த எடது பக்கத்து எழவை அறுத்து எறிஞ்சுட்டா சரியாப் போயிரும். ஒரு பிளேடு குடு பார்வதி."

பார்வதி பிளேடு எடுக்கப் போகவில்லை. சைக்கிளிடம் வந்து அந்தப் பிடியைத் தன் கையால் பிடித்துப் பார்த்தாள். அவள் விரல்களும் பாதியிலேயே நின்றன. பிறகு என் பக்கம் திரும்பி, பைக்குள்ளிருந்த என் கையை அவளே வெளியே எடுத்தாள். ஹேண்டில்பாரின் மேல் வைத்தாள். மூன்று விரலும் தோலில் போய் உட்கார்ந்ததை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க வேற சைக்கிள் பாருங்க" என்றாள்.

"பேச்சு என்னாகுறது?" என்றார் அவர்.

"பேசுனது நானும் அவரும்தானே. நாங்க பேசிக்கிறோம்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே செருப்பைத் தேடினார். பார்வதி என் கையை இன்னும் விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.